ஒலிபுகா அறை: கார்லைலின் மாடி முதல் வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் வரை

வெளியோசை புகாத அறையொன்றை வீட்டினுள்ளே அமைத்துக்கொள்ளும் முயற்சி, ஒலிப்பதிவுக் கருவிகள் தோன்றுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. எடிசன் 1877இல் போனோகிராப் கருவியை உருவாக்குவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்னதாகவே, இலண்டனில் எழுத்தாளர் ஒருவர் இதனைச் செய்துபார்த்துத் தோல்வியுற்றார். பிற்காலத்து வீட்டு ஒலிப்பதிவுக்கூடங்களின் அமைப்பை விளங்கிக்கொள்ள அத்தோல்வியே சிறந்த வாயிலாகும்.

தோமஸ் கார்லைல் 1834இல் செல்சிப் பகுதியிலுள்ள செயின் றோ வீதியில் குடியேறினார். அக்காலத்தில் இலண்டன் விரைந்து பெருகிக்கொண்டிருந்த நகரம். தெருவிலே கைவாத்தியக்காரரும் கூவி விற்போரும் திரிந்தனர். அயல் வீட்டிலிருந்து பியானோவின் ஓசையும் சேவல்களின் கூவலும் எழுந்தன. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் வரலாற்றை எழுத முற்பட்டிருந்த கார்லைலுக்கு இவை பொறுத்தற்கரிய இடையூறுகளாயின. எனவே 1853-54 காலப்பகுதியில் வீட்டின் உச்சியிலே புதிய அறையொன்றைக் கட்டுவித்தார். அதன் சுவர்கள் இரட்டையாக எழுப்பப்பட்டன. கூரைக்குக் கீழே காற்றிடைவெளிகள் விடப்பட்டன. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாகவே பெறப்பட்டது.

விளைவு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. அருகிலிருந்து வந்த ஓசைகள் ஓரளவு அடங்கின. ஆயின் முன்னர் கேளாதிருந்த தூரத்து ஓசைகள், குறிப்பாகப் புகையிரத ஊதல்களும் ஆலய மணியோசையும், தெளிவாகக் கேட்கலாயின. எனினும் 1865இல் ஆறாம் தொகுதி நிறைவுறும்வரை கார்லைல் அவ்வறையிலேயே எழுதினார். பின்னர் அது பணிப்பெண்ணின் படுக்கையறையாயிற்று.

இத்தோல்விக்குப் பௌதிகவியல் தரும் விளக்கம் எளிது. உரத்த ஓசை மெல்லோசையை மறைக்கும் இயல்புடையது. அண்மை ஓசை நீங்கியதும், அதனால் மறைக்கப்பட்டிருந்த தூரத்து ஓசை செவிக்குப் புலனாகிறது. மேலும், தடுப்பின் வலிமை அதன் மிக மெலிந்த பகுதியாலேயே வரையறுக்கப்படுகிறது. சுவரின் பரப்பில் நூற்றிலொரு பங்கு திறந்திருந்தால், எஞ்சிய சுவர் எத்துணைத் தடிப்பானதாயினும், அத்தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபெல்லுக்கு மேல் ஓசையைக் குறைக்கமாட்டாது. கனத்த சுவர்களுக்கு மேலே கண்ணாடியை வைத்த கார்லைலின் அறையில் கூரையே மெலிந்த பகுதியாயிருந்தது எனக் கருதலாம்.

இத்துறையை அளவீட்டுக்குரிய அறிவியலாக்கியவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன். 1895இல் அங்குள்ள விரிவுரை மண்டபமொன்றின் எதிரொலிக் குறையைத் தீர்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரம் உறங்கிய இரவு வேளைகளில், அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என அவர் அளந்தார். மென்பொருள்கள் அறையினுள் பிறக்கும் ஒலியை உறிஞ்சுகின்றன. ஆயின் வெளியோசையைத் தடுப்பது வேறொரு பணி. அதற்குத் திணிவும், இடைவெளியிட்ட இரட்டைச் சுவரும், கசிவில்லாத மூடலும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையாலேயே முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டி வீதியோசையைத் தடுக்கலாமென்ற நம்பிக்கை இன்றுவரை நிலைத்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் ஒலிவாங்கி வீட்டினுள் புகுந்தபோது சிக்கல் மேலும் கூர்மையடைந்தது. மனிதச் செவி வேண்டாத ஓசையைப் புறக்கணிக்கவல்லது. ஒலிவாங்கிக்கு அவ்வாற்றல் இல்லை. அமெரிக்காவின் ஹக்கன்சாக் நகரில் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோரின் வரவேற்பறையையே ஜாஸ் இசைக்கான ஒலிப்பதிவுக்கூடமாக்கி 1959வரை பயன்படுத்தினார். இலண்டனிலே ஜோ மீக், போக்குவரத்து மிகுந்த ஹொலோவே வீதியில், தோற்பொருட் கடையொன்றின் மேல்மாடியை வாடகைக்குப் பெற்றுப் பணியாற்றினார். 1962இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்ற 'டெல்ஸ்டார்' இசைப்பதிவு அங்கேதான் உருவாயிற்று. ஒலிவாங்கியை இசைக்கருவிக்கு மிக அண்மையில் வைப்பது மீக்கின் வழக்கம். திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போது நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும்; புறவோசையோ மாறாதிருக்கும். கனத்த சுவர் எழுப்ப இயலாதவனுக்கு இதுவே மலிவான அரண்.

கார்லைலின் வரலாற்றில் மற்றுமொரு பாடமும் உண்டு. அயல் வீட்டுச் சேவல்களின் கூவலை இறுதியில் நிறுத்தியது அவ்விரட்டைச் சுவரன்று. அவருடைய மனைவி ஜேன் அயலாருடன் பேசி, அவற்றை அகற்றச் செய்தமையே அதனை நிறுத்தியது. மறுபுறம், 1864இல் தெரு இசைக்கெதிரான சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு ஆதரவாகக் கையொப்பமிட்ட எழுத்தாளருள் டிக்கன்சும் டெனிசனும் கார்லைலும் அடங்குவர். அச்சட்டத்தால் தொல்லையுற்றோரிற் பலர், கைவாத்தியத்தைச் சுழற்றிப் பிழைத்த ஏழை இத்தாலியக் குடியேறிகள். ஒருவரின் அமைதிக்கு இடையூறான ஓசை மற்றொருவரின் சோறாக இருந்தது.

ஆதலின் ஒலிபுகா அறையின் வரலாறு செங்கல்லினதும் கண்ணாடியினதும் வரலாறு மட்டுமன்று. சுவர் எழுப்பியவன் தன் செவியை மட்டுமே காத்துக்கொண்டான். சட்டத்தை நாடியவன் பிறர் வாயை அடைத்தான். அயலாரின் கதவைத் தட்டிப் பேசியவளோ இரு வீட்டுக்கும் பொதுவானதோர் உடன்பாட்டைக் கண்டாள். இம்மூன்று வழிகளுள் குறைந்த செலவில் நிறைந்த பயன் தந்தது எதுவென்பதை வரலாறே காட்டி நிற்கின்றது.