டச்பேட் மக்கர் பண்ணுதா? அதோட வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

டச்பேட் வேலை செய்யலைன்னா என்ன பண்ணணும்னு கேட்டு நிறைய பேர் எழுதுறீங்க. "கர்சர் தானா ஓடுது", "ரெண்டு விரல் வெச்சா ஸ்க்ரோல் ஆக மாட்டேங்குது", "அழுத்துனா க்ளிக் ஆகலை". இது மூணுமே டச்பேட் பிரச்சினைதான். ஆனா மூணுக்கும் காரணம் வேற வேற. அந்தக் காரணங்கள் ஒவ்வொண்ணும் டச்பேடோட வரலாற்றுல ஒவ்வொரு காலகட்டத்துல வந்து சேர்ந்தவை. அதனால இன்னைக்கு டிப்ஸ் பட்டியல் கிடையாது. கதையைச் சொல்றேன், எங்கே பார்க்கணும்ங்கிறது அதுலயே வந்துடும். கடைசியில வர்ற விஷயம் மட்டும் உங்க பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பாதியில நிறுத்துறவங்க அதை மட்டுமாவது கேட்டுட்டுப் போங்க.

உருண்டையும் சிவப்புப் பொட்டும்

லேப்டாப்ல மவுஸுக்குப் பதிலா என்ன வைக்கிறதுங்கிறது 1980கள்ல யாருக்கும் தெளிவா தெரியாத கேள்வி. 1983-ல வந்த கேவிலான் எஸ்சி கம்ப்யூட்டர்ல, விசைப்பலகைக்கு மேலே தொட்டு நகர்த்துற ஒரு பட்டை இருந்தது. அது பெரிசா பரவலை. 1991 அக்டோபர்ல ஆப்பிள் தன்னோட முதல் பவர்புக் லேப்டாப்களைக் கொண்டுவந்தது. விசைப்பலகையைப் பின்னாடி தள்ளி, முன்னாடி கை வைக்க இடம் விட்டு, நடுவுல ஒரு டிராக்பால் உருண்டை வெச்சாங்க. இன்னைக்கு நம்ம லேப்டாப் எல்லாத்துக்கும் இருக்கிற அமைப்பு அங்கேதான் நிலைபெற்றது.

அந்த உருண்டைக்கு ஒரே எதிரி அழுக்குதான். உள்ளே இருக்கிற சின்ன உருளைகள்ல கைப்பிசுக்கும் தூசியும் ஒட்டிக்கிட்டா கர்சர் திக்கித் திக்கிப் போகும். உருண்டையைக் கழட்டித் துடைச்சா சரி ஆயிடும்.

அடுத்த வருஷம், 1992-ல, ஐபிஎம் வேற வழியில போச்சு. டெட் செல்கர் உருவாக்கின டிராக்பாயின்ட், அதாவது விசைகளுக்கு நடுவுல இருக்கிற சிவப்புப் பொட்டு, திங்க்பேட் 700சி-ல வந்தது. அது நகராது. நாம தள்ளுற விசையை அளக்கும். "எதுவும் தள்ளலை"ங்கிற நிலை எதுன்னு அது அப்பப்போ தானே கணக்குப் போட்டுக்கும். ரொம்ப நேரம் ஒரே பக்கம் லேசா தள்ளிக்கிட்டே இருந்தா, அந்தத் தள்ளலையே சும்மா இருக்கிற நிலைன்னு எடுத்துக்கும். கையை எடுத்ததும் கர்சர் எதிர்ப்பக்கம் தானா நகரும். சில நொடி தொடாம விட்டா மறுபடி கணக்கைச் சரி பண்ணிக்கும். இந்தத் "தானே கணக்குப் போடுறது"ங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க. டச்பேட்லயும் இது வரும்.

விரல்ங்கிறது ஒரு மின்தேக்கி

இப்ப நாம தொடுற டச்பேடோட கதை ஜார்ஜ் கெர்ஃபைடுங்கிற அமெரிக்கரோடது. 1980களோட கடைசியில அவர் கண்டுபிடிச்ச முறையில அசையுற பாகமே கிடையாது. பலகைக்கு அடியில குறுக்கும் நெடுக்குமா மெல்லிய மின்கம்பிக் கோடுகள் இருக்கும். கோடுகளுக்கு நடுவுல ஒரு மின்புலம் இருக்கும். நம்ம உடம்புல உப்புத் தண்ணி இருக்கிறதால அது மின்சாரம் கடத்தும். விரல் கிட்டே வந்தா அந்தப் புலம் கொஞ்சம் மாறும். எந்தக் கோட்டுல எவ்வளவு மாறுச்சுங்கிறதை வெச்சு விரல் எங்கே இருக்குன்னு சிப் கணக்கிடும். 1991-ல அவர் யூட்டா மாநிலத்துல சர்க் நிறுவனத்தை ஆரம்பிச்சார். அவரோட காப்புரிமைகளுக்கு ஆப்பிள் உரிமம் வாங்கி, 1994 மே மாசம் வந்த பவர்புக் 500 வரிசையில உருண்டையைத் தூக்கிட்டு டச்பேட் வெச்சது.

அழுக்கு சேர உள்ளே இடமே இல்லை. ஆனா பழைய பிரச்சினை போச்சு, புது பிரச்சினை வந்தது. இது மின்புலத்தை அளக்கிற கருவி. அதனால மின்புலத்தைக் கெடுக்கிற எதுவும் இதைக் கெடுக்கும். ஈரக் கை, வியர்வை, தண்ணித் துளி எல்லாமே அதுக்கு விரல் மாதிரி தெரியும். விரல் இல்லாதப்போ புலம் எப்படி இருக்கும்ங்கிற ஆரம்ப அளவை டச்பேட் தானே எடுத்துக்கும். லேப்டாப்பை ஆன் பண்ற நேரத்துல கையை மேலே வெச்சிருந்தீங்கன்னா, அந்த அளவே தப்பாகிப் போக வாய்ப்பு இருக்கு. உலர்ந்த துணியால துடைச்சு, கையை எடுத்துட்டு, ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்றாங்களே, அதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு எதிரி சார்ஜர். சார்ஜருக்குள்ள மின்சாரம் வேகமா ஆன், ஆஃப் ஆகிக்கிட்டே இருக்கும். அந்த இரைச்சல்ல கொஞ்சம் வெளியே கசியும். சரியான எர்த் இருந்தா அது தரைக்குள்ள போயிடும். ரெண்டு முள் ப்ளக்கோ, மூணு முள் இருந்தும் எர்த் கம்பி இணைக்காத சுவிட்ச் போர்டோ இருந்தா அந்த இரைச்சல் லேப்டாப் உடம்புலயே தங்கும். மெட்டல் லேப்டாப்னா தொடும்போது கையில லேசா சுருக்குன்னு இருக்குமே, அதுவும் எர்த் இல்லாததாலதான். விரல் வெச்சதும் கர்சர் நடுங்கும், குதிக்கும். கெர்ஃபைடே இந்தக் குறுக்கீட்டைச் சமாளிக்கிறதுக்காக இன்னொரு காப்புரிமை வாங்கினார். அது 1996-ல வந்தது. இரைச்சல் இல்லாத அதிர்வெண்ணைத் தேடிப் பிடிச்சு அதுல அளக்கிறதுதான் யோசனை. இன்னைக்கும் சிப்புகள் இப்படிப்பட்ட வழிகளைப் பயன்படுத்துது, ஆனா எல்லை உண்டு. அதனால கர்சர் குதிச்சா முதல் சோதனை ரொம்ப எளிசு: சார்ஜரைக் கழட்டிட்டுப் பாருங்க. நின்னுட்டா கோளாறு டச்பேட்ல இல்லை, சார்ஜர்லயோ வீட்டு எர்த்துலயோ இருக்கு. அப்ப எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எர்த் இல்லாத போர்டு டச்பேடை மட்டும் பாதிக்கிற விஷயம் இல்லை.

மவுஸ் வேஷம் போட்ட டச்பேட்

சர்க்குக்குப் போட்டியா வந்தது சினாப்டிக்ஸ். 1986-ல இதை ஆரம்பிச்ச ரெண்டு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருத்தர் ஃபெடரிகோ ஃபஜின், இன்டெல் 4004 நுண்செயலியை வடிவமைச்சதுல முக்கியமானவர். இன்னொருத்தர் கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட். மூளை நரம்பு மாதிரி வேலை செய்யுற சிப் செய்யணும்னு ஆரம்பிச்சாங்க. நிறுவனத்துக்குச் சோறு போட்டது டச்பேட்.

ஆனா ஒரு சிக்கல். அந்தக் கால கம்ப்யூட்டர்களுக்கு டச்பேட்னா என்னன்னே தெரியாது. 1987-ல ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 மவுஸ் மட்டும்தான் தெரியும். அதனால டச்பேட் மவுஸ் வேஷம் போட்டுக்கிச்சு. பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் மூணு பைட் அனுப்பும்: பட்டன் நிலை, பக்கவாட்டு அசைவு, மேல்கீழ் அசைவு. டச்பேடும் அதையே அனுப்புச்சு. விரல் எங்கே இருக்கு, எவ்வளவு அழுத்தம்ங்கிற முழுத் தகவல் வேணும்னா டிரைவர் ஒரு ரகசியத் தட்டு தட்டணும். மவுஸுக்கு "துல்லியத்தை மாத்து"ன்னு ஒரு கட்டளை உண்டு. அதையே நாலு தடவை அனுப்பி, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பிட் ஒளிச்சு வெச்சு அனுப்பினா, சினாப்டிக்ஸ் டச்பேட் அதைப் புரிஞ்சுக்கும். சாதாரண மவுஸுக்கு அது அர்த்தமில்லாத கட்டளை, பாதிப்பும் இல்லை. வேஷம் கலைஞ்சதும் டச்பேட் ஆறு பைட் பாக்கெட்டுக்கு மாறும்.

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தந்திரம். ஆனா ரெண்டு கோளாறுக்கு இதுவே காரணம். ஒண்ணு: தூங்கி எழுந்த லேப்டாப்ல அந்த ரகசியத் தட்டு ஒழுங்கா நடக்கலைன்னா, டச்பேட் வெறும் மவுஸாவே இருந்துடும். கர்சர் நல்லா நகரும், ரெண்டு விரல் ஸ்க்ரோல் மட்டும் இருக்காது. பழைய லேப்டாப்ல இந்த அறிகுறியைப் பார்த்தா வன்பொருளைச் சந்தேகப்படாதீங்க, டிரைவரைப் பாருங்க. ரெண்டு: நடுவுல ஒரு பைட் தொலைஞ்சா, அடுத்தடுத்த பைட்டுகளை கம்ப்யூட்டர் இடம் மாத்திப் படிக்கும். அசைவை பட்டன்னு நினைச்சுக்கும். கர்சர் மூலைக்குப் பாயும், எதையோ க்ளிக் பண்ணும். லினக்ஸ் பயன்படுத்துறவங்க கெர்னல் பதிவுகள்ல "ஒத்திசைவு தொலைஞ்சது"ங்கிற பொருள்ல ஒரு வரியைப் பார்த்திருப்பீங்க. அது இதுதான்.

பல விரல், புது மொழி

டெலவேர் பல்கலைக்கழகத்துல வேய்ன் வெஸ்டர்மன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். தட்டச்சு செஞ்சா கை வலிக்கும். வலி இல்லாம வேலை செய்ய வழி தேடினவர், பேராசிரியர் ஜான் எலியாஸோட சேர்ந்து பல விரல்களை ஒரே நேரத்துல அடையாளம் காணுற பலகையை உருவாக்கினார். எது விரல், எது உள்ளங்கைன்னு பிரிச்சுப் பார்க்கிறது அந்த ஆராய்ச்சியில முக்கியமான பகுதி. 1998-ல ஃபிங்கர்வொர்க்ஸ்னு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 2005-ல ஆப்பிள் அதை வாங்கிடுச்சு. 2007-ல ஐஃபோன், 2008 ஜனவரியில பல விரல் சைகைகளோட மேக்புக் ஏர்.

இதுக்கு மேல மவுஸ் வேஷம் தாங்காதுன்னு ஆச்சு. விண்டோஸ் 8 காலத்துல ஐ2சிங்கிற வேற இணைப்புவழி டச்பேடுக்கு வந்தது. 2013-ல விண்டோஸ் 8.1 ப்ரிசிஷன் டச்பேடைக் கொண்டுவந்தது. விரல்கள் எங்கே இருக்குன்னு மட்டும் டச்பேட் சொல்லும், சைகை என்னன்னு விண்டோஸ் முடிவு பண்ணும். லினக்ஸ்ல அந்த வேலையை இன்னைக்குப் பெரும்பாலும் லிப்இன்புட் செய்யுது.

இந்த மாற்றத்தோட விலை: நடுவுல இன்னொரு டிரைவர் வந்துடுச்சு. புதுசா விண்டோஸ் போட்ட லேப்டாப்ல டச்பேட் அடியோட காணாமப் போனா, பெரும்பாலும் அந்த ஐ2சி இணைப்பை நடத்துற சிப்செட் டிரைவர் போடாம விட்டிருப்பாங்க. யுஎஸ்பி மவுஸ் செருகி, லேப்டாப் நிறுவனத்தோட தளத்துல இருந்து அந்த டிரைவரைப் போட்டா வந்துடும். "மதர்போர்டு போச்சு"ன்னு யாராவது சொன்னா, பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. பயாஸ் திரையில கர்சர் ஓடுற லேப்டாப்னா அங்கேயும் பாருங்க. அங்கே டச்பேட் வேலை செஞ்சா வன்பொருள் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

அழுத்தினா க்ளிக் ஆகலையா? நிறுத்துங்க

2008 அக்டோபர்ல அலுமினிய மேக்புக்ல தனிப் பட்டனே போச்சு. கண்ணாடிப் பலகை முழுசுமே பட்டன். மேல் விளிம்பு கீல் மாதிரி நிலையா இருக்கும், கீழ்ப் பக்கம் அழுந்தும். மத்த நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தாங்க. லேப்டாப் மெலிய மெலிய, தட்டையான பை மாதிரி லித்தியம் பேட்டரிகள் கை வைக்கிற இடத்துக்குக் கீழே வந்தது. பல மாடல்கள்ல டச்பேடுக்கு நேர் கீழேயே.

இங்கேதான் ஆபத்து. பேட்டரி வயசாகும்போதோ சூட்டுல அடிபடும்போதோ உள்ளே இருக்கிற திரவம் சிதைஞ்சு வாயு உண்டாகும். பை உப்பும். உப்பினது மேலே தள்ளும். அப்ப டச்பேட் கீழே போக இடம் இருக்காது, க்ளிக் கடினமாகும் இல்லை நின்னே போயிடும். ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்கும். சமதளமான மேஜையில வெச்சா லேப்டாப் ஆடும். மூடி முழுசா மூடாது. டிரைவரை எத்தனை தடவை மாத்தினாலும் இது சரியாகாது.

இந்த அறிகுறி இருந்தா சார்ஜரைக் கழட்டுங்க, ஷட் டவுன் பண்ணுங்க, மறுபடி சார்ஜ் போடாதீங்க. டச்பேடை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீங்க. உப்பின பேட்டரியைக் குத்துறது, வளைக்கிறது, வீட்டுக் குப்பையில போடுறது எதுவும் கூடாது. அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போய் பேட்டரியை மாத்துங்க. பழசை அங்கேயே ஒப்படைங்க. நிறைய சமயம் பேட்டரி மாத்தினதுமே டச்பேட் பழையபடி க்ளிக் ஆகும்.

வீட்டுல அம்மாவோ தம்பியோ "இந்த பட்டன் கொஞ்ச நாளா அழுந்த மாட்டேங்குது, நான் தட்டியே சமாளிக்கிறேன்"னு சொன்னா, அந்த லேப்டாப்பை ஒரு தடவை பக்கவாட்டுல வெச்சுப் பாருங்க. உப்பி இருக்கான்னு கண்ணுக்கே தெரியும். இன்னைக்கே பார்த்துடுங்க.