பேக்கரும் டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கும்

மின்சாரக் கார் வாங்குமுன் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது புதிய வழக்கம் அன்று. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பேக்கர், டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஆகியவற்றை அவ்வாறே ஒப்பிட்டனர். பெட்ரோல் கார்போல இவற்றைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்ப வேண்டியதில்லை. கிளீவ்லாந்தில் 1899-இல் தொடங்கிய பேக்கர் நிறுவனத்தின் காரைத் தாமஸ் எடிசன் வைத்திருந்தார். 1907-இல் வந்த டெட்ராய்ட் எலெக்ட்ரிக், ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 130 கி.மீ. ஓடும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. வேகமோ மணிக்குச் சுமார் 32 கி.மீ. தான். 1911 முதல் கூடுதல் விலைக்கு எடிசனின் நிக்கல்-இரும்பு மின்கலமும் கிடைத்தது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் இந்தக் காரைத்தான்.

1912-இல் காடிலாக் பெட்ரோல் கார் மின்தொடக்கியுடன் வந்தது. கைப்பிடித் தொல்லை நீங்கியதும், தொலைவும் வேகமும் மிகுந்த பெட்ரோல் காரையே மக்கள் நாடினர். பேக்கர் 1915-இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் 1939 வரை நீடித்தது. இரண்டும் தோற்றது மூன்றாவது வண்டியிடம்.