குதி உயர்ந்த காலணி: ஆண்களிடமிருந்து பெண்களுக்குப் போன வரலாறு

குதி உயர்ந்த காலணி என்பது, முன்பாதத்தைவிடக் குதிகால் உயரமாக நிற்கும்படி அமைக்கப்பட்ட காலணி ஆகும். நம் ஊர்க் கடைகளில் 'ஹீல்ஸ்' என்று கேட்டால் விற்பனையாளர் நேராகப் பெண்கள் பகுதிக்குத்தான் அழைத்துச் செல்வார். ஓர் ஆண் தனக்கென்று அதைக் கேட்டால், "நாடகத்துக்கா சார்?" என்று வினவுவார். உலகின் பெரும்பாலான நகரங்களில் இதுவே நிலைமை. ஆனால் ஐரோப்பாவில் இது முதலில் பரவியபோது ஆண்களின் காலணியாகவே பெயர் பெற்றது. அதிலும் குதிரைவீரர்களின் காலணியாக. பெண்களுக்கு மட்டும் உரியதாக இது மாறி முந்நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பெண்கள் காலணியோடு தெருவில் நடக்கும் ஆணைக் கேலி செய்யும் வழக்கமும், சில நாடுகளில் அவனைத் தண்டித்த சட்டங்களும் இந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவையே.

குதிரையும் குதியும்

பாரசீகக் குதிரைவீரர்கள் பல நூற்றாண்டுகளாகக் குதி வைத்த காலணிகளை அணிந்தனர். காரணம் எளிது. சேணத்தின் இருபுறமும் தொங்கும் கால்வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். ஓடும் குதிரையின் மேல் எழுந்து நின்று வில்லில் அம்பைத் தொடுக்கும் வீரனுக்கு அங்கவடியில் ஊன்றிய கால் நழுவக்கூடாது. குதி அந்த வளையத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் காலணிகள் பாதுகாக்கப்படுகின்றன. சொரசொரப்பான பச்சைத் தோலால் ஆன அக்காலணிகளை இன்று பார்க்கும் ஒருவர் பெண்களுடையவை என்றே நினைத்துக்கொள்வார்.

1599இல் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், உசேன் அலி பேக் என்பவரின் தலைமையில் ஒரு தூதுக்குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். உதுமானியப் பேரரசுக்கு எதிராகக் கூட்டாளிகளைத் தேடுவதே அதன் நோக்கம். அக்குழு உருசியா, பிராகா, உரோம் வழியாக எசுப்பானியா வரை சென்றது. அரசியல் நோக்கம் பெரிதாக நிறைவேறவில்லை. ஆனால் பாரசீகப் பொருள்கள்மீது ஐரோப்பிய மேட்டுக்குடியினருக்கு அக்காலத்தில் ஏற்பட்ட மோகத்தோடு குதிவைத்த காலணியும் பரவியது. காலணி வரலாற்றாய்வாளர் எலிசபெத் செம்மல்ஹேக் இத்தொடர்பை வலியுறுத்துகிறார். இதை ஒரே தூதுக்குழுவின் வேலையாகக் கருத வேண்டியதில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவில் குதி தலைகாட்டிவிட்டது. வணிகர்களும் பயணிகளும் அதற்கு முன்பே பாரசீகத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சேற்றில் நடக்க இக்காலணி சிறிதும் உதவாது. குதிரையிலிருந்து இறங்கிய கனவான்களின் குதி மண்ணில் புதைந்தது. அதைத் தவிர்க்க, காலணிக்குமேல் தட்டையான அடிகொண்ட மற்றொரு செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நடக்கும்போது அது தரையில் 'சப்சப்' என்று அடிக்கும். கைவினைஞர்களுக்கும் புதிய சிக்கல் வந்தது. குதி வைத்த காலணிக்கு இடம் வலம் எனத் தனித்தனி அச்சுக்கட்டை செய்வது செலவு மிக்க வேலை. எனவே இரண்டு காலுக்கும் ஒரே அச்சில் காலணி செய்யும் வழக்கம் ஏற்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. இத்தனை தொல்லையோடும் ஆண்கள் அதை விடவில்லை. நடக்க வேண்டிய தேவையும் வயலில் இறங்க வேண்டிய தேவையும் இல்லாதவன் தான் என்று ஊருக்குக் காட்ட இதைவிட எளிய வழி வேறில்லை.

சிவப்புக் குதி

இந்தப் பெருமை உச்சத்தைத் தொட்டது பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையில். 1701இல் இயசிந்து ரிகோ வரைந்த அவருடைய ஓவியம் இன்று பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அறுபது வயதைக் கடந்த மன்னர், நீல அங்கியைத் தோளில் ஒதுக்கி, வெண்பட்டுக் காலுறை அணிந்த கால்களை நன்றாகத் தெரியும்படி முன்வைத்து நிற்கிறார். வெள்ளைக் காலணிகளின் குதிகள் செக்கச்செவேல் என்றிருக்கின்றன. ஆடல் பயின்ற தம் கால்களைக் குறித்து மன்னருக்குப் பெருமை உண்டு. அக்காலத்தில் எவரும் இக்கோலத்தில் பெண்மையைக் காணவில்லை. ஐரோப்பாவின் மிகுந்த அதிகாரம் கொண்ட ஆணையே கண்டனர்.

சிவப்புக் குதி அரசவையில் இடம்பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. 'சிவப்புக் குதியர்' என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் பின்னாளில் பிரபுக்களுக்கே பெயராகிவிட்டது. யார் காலில் எது இருக்கலாம் என்பதை அதிகாரம் முடிவு செய்வது நமக்கும் புதிதன்று. ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருவைக் கடக்கையில் ஒடுக்கப்பட்ட மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லும்படி வற்புறுத்தப்பட்ட கொடுமையைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறியும். பிரான்சில் குதியின் நிறம் செய்த வேலையை இங்கே செருப்பே செய்தது.

பெண்கள் எடுத்துக்கொண்டதும் ஆண்கள் விட்டதும்

பெண்கள் உயரமான காலணியை அதற்கு முன்பே அணிந்ததுண்டு. வெனிசு நகரத்துச் செல்வப் பெண்களின் 'சொப்பீன்' என்னும் மேடைக் காலணிகளில் சில 50 செ.மீ.க்கும் மேற்பட்ட உயரம் கொண்டவை. துணைக்கு ஆள் இல்லாமல் அவற்றில் நடப்பது கடினம். ஆனால் அவற்றில் அடி முழுவதும் உயர்ந்திருக்கும். தனியாகக் குதி கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியப் பெண்கள் சிலர் ஆண்களின் தொப்பி, தோளணி போன்றவற்றைத் தம் உடையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரிசையில்தான் குதியும் வந்தது. அதாவது, குதிவைத்த காலணியைப் பெண் முதலில் அணிந்தது ஆணைப்போல் தோன்றுவதற்காக.

நூற்றாண்டின் இறுதிக்குள் வடிவங்கள் பிரிந்தன. ஆணின் குதி அகன்று கட்டையாகவும் பெண்ணின் குதி மெலிந்து வளைந்தும் அமைந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஆண் என்றால் அறிவு, உழைப்பு, எளிமை என்ற எண்ணம் வலுப்பெற்றது. பட்டும் சரிகையும் உயர்ந்த குதியும் அறிவுக்கு ஒவ்வாதவை ஆயின. அவை பெண்ணுக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்டன. 1740 அளவில் ஐரோப்பிய ஆண்கள் உயர்ந்த குதியைக் கைவிட்டுவிட்டனர் என்பது செம்மல்ஹேக்கின் கணிப்பு. உளவியலாளர் புளூகல் 1930இல் வெளியிட்ட ஆடை பற்றிய நூலில், அந்நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் அலங்காரத்தை ஒட்டுமொத்தமாகத் துறந்ததை 'ஆண்களின் மாபெரும் துறவு' என்னும் பொருளில் குறிப்பிட்டார். துறவு என்ற சொல் சற்று மிகையாகவே எனக்குப் படுகிறது. அலங்காரத்தைத் துறந்தவர்கள் அதிகாரத்தைத் துறக்கவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பெண்களும் சில பத்தாண்டுகள் தட்டைக் காலணிக்கு மாறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குதி திரும்பி வந்தபோது பெண்களிடம் மட்டுமே வந்தது. வளைந்த பெண்கள் குதி ஒன்றுக்கு இன்றுவரை 'லூயி குதி' என்றே பெயர். அரசரின் பெயர் தங்கிவிட்டது. அரசர் அணிந்த செய்தி மறந்துவிட்டது.

குற்றமான உடை

குதி பெண்ணுக்கு என்று முடிவான அதே 19ஆம் நூற்றாண்டில், மற்றப் பாலின் உடையில் பொதுவெளியில் தோன்றுவது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குற்றமானது. ஒகையோ மாநிலத்தின் கொலம்பசு நகரம் 1848இல் இத்தகைய சட்டம் இயற்றியது. சான்பிரான்சிசுகோ 1863இல் இயற்றிய சட்டம் 1974வரை ஏட்டில் இருந்தது. திருநர்களும் தன்பாலின ஈர்ப்பு உடையவர்களுமே இவற்றால் அதிகம் துன்புற்றனர்.

பிரித்தானிய இந்தியாவும் பின்தங்கவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில், வட இந்தியாவின் திருநங்கையரைக் குறிவைத்து ஒரு தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவர் பெண்ணைப்போல் உடுத்தியோ அணிகலன் பூண்டோ தெருவில் தோன்றினால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஈராண்டுவரை சிறைத்தண்டனையும் உண்டு.

மறைந்து வந்த குதி

ஆண்களிடமிருந்து குதி முழுமையாக ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்க மாட்டிடையர்களின் நீள்காலணியில் அது தொடர்ந்தது. அங்கும் அங்கவடிதான் காரணம். 1960களின் தொடக்கத்தில் பீட்டில்சு இசைக்குழுவினர் இலண்டனில் நாடகக் காலணி செய்யும் கடையொன்றில் 'கியூபா குதி' வைத்த காலணிகளைச் செய்வித்து அணிந்தனர். 1970களில் மேடைபோல் அடி உயர்ந்த காலணியை இளைஞர்கள் உலகெங்கும் அணிந்தார்கள். பெல்பாட்டம் கால்சட்டைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நம் நகரங்களிலும் பலர் திரிந்தார்கள். இன்று தாத்தாவாகிவிட்ட அவர்களில் யாரும் தாம் பெண்கள் காலணி அணிந்ததாக நினைக்கமாட்டார்கள்.

உள்ளே உயரம் ஒளித்துவைத்த காலணிகளும் ஆண்களுக்கென்று விற்கப்படுகின்றன. உயரம் வேண்டும், ஆனால் குதி வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரான்சின் முன்னாள் குடியரசுத் தலைவர் நிக்கோலா சர்க்கோசி சான்று. அவருடைய காலணிக் குதியைப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் கேலி செய்தன. பதினான்காம் லூயி ஆண்ட அதே நாட்டில்!

எர்ல்சு பார்ட்டன் தொழிற்சாலை

இங்கிலாந்தின் நார்தாம்டன்சயர் ஆண்கள் காலணிக்குப் பெயர்பெற்ற மாவட்டம். அங்கே எர்ல்சு பார்ட்டன் என்ற ஊரில் டபிள்யூ. ஜே. புரூக்சு என்ற குடும்பத் தொழிற்சாலை இருந்தது. 1990களில் மலிவான இறக்குமதியால் அது நலிந்தபோது, உரிமையாளர் இசுடீவ் பேட்மேனுக்குப் போக்குசுடன் நகரக் கடை ஒன்றிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது: ஆண்களின் கால் அளவில் பெண்கள் காலணிகள் செய்து தர முடியுமா?

கேட்பதற்கு நகைப்பாக இருந்தாலும் அதில் உண்மையான தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. பெண்கள் காலணியின் அச்சு ஒடுங்கியது; சராசரி ஆணின் பாதம் அகன்றது. மெல்லிய குதி ஆணின் எடையைத் தாங்காமல் முறியும். கடையில் கிடைத்ததை வாங்கி அணிந்தவர்கள் விரல் நசுங்கி, கணுக்கால் பிசகி நடந்தார்கள். பேட்மேன் அகன்ற அச்சுகளையும் வலுவூட்டிய குதிகளையும் கொண்டு 'டிவைன்' என்ற பெயரில் காலணிகளைச் செய்தார். தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டாலும், இக்கதை 1999இல் பிபிசி ஆவணப்படமாகவும், 2005இல் 'கிங்கி பூட்சு' திரைப்படமாகவும், பிறகு அதே பெயரில் இசைநாடகமாகவும் வந்தது. 2013இல் அந்நாடகம் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. திரைப்படமும் நாடகமும் மேடைக் கலைஞர்களைச் சுற்றியே அமைந்தன. கடைத்தெருவுக்கும் வேலைக்கும் அணிய விரும்பும் சாதாரண ஆண் அவற்றில் முதன்மை பெறவில்லை.

இன்றைய நிலை

2001இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஓர் இயக்கத்தில், பாலியல் வன்முறைக்கு எதிராக ஆண்கள் பெண்கள் காலணியுடன் ஒரு மைல் நடக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நடப்பவர்கள் தடுமாறுவதும் பார்ப்பவர்கள் சிரிப்பதுமாக, ஆண் இதை அணிவதே வேடிக்கை என்ற எண்ணத்தை அது உறுதிசெய்கிறது என்ற விமர்சனமும் உண்டு. மறுபுறம், செருமனியில் வாழும் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் பாவாடையும் உயர்ந்த குதியும் அணிந்து அலுவலகம் செல்வது 2020இல் பல நாட்டு ஊடகங்களில் செய்தியானது. அவர் மணமானவர், தம்மை ஆணாகவே கருதுபவர். உடைக்குப் பால் கிடையாது என்பது அவர் நிலைப்பாடு.

பெண்களுக்கோ இதே காலணி சில இடங்களில் கட்டாயம். இலண்டனில் நிகோலா தார்ப் என்பவர் தட்டைக் காலணியில் வேலைக்கு வந்ததால் ஊதியமின்றித் திருப்பி அனுப்பப்பட்டார். 2016இல் அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். நாடாளுமன்றம் அதை விவாதித்தது. சட்டம் மாற்றப்படவில்லை. சப்பானில் 2019இல் யூமி இசிகாவா தொடங்கிய இயக்கமும் இதே கோரிக்கையை எழுப்பியது. அணியாததற்காகப் பெண்ணைத் திருப்பி அனுப்பும் அதே வரவேற்பு மேசையில் ஓர் ஆண் அதை அணிந்து வந்து நின்றாலும் திருப்பி அனுப்பத்தான் படுவார். 2015இல் பாட்டா அருங்காட்சியகம் 'உயர்ந்து நிற்றல்' என்னும் பொருள்தரும் தலைப்பில் ஆண்களின் குதி உயர்ந்த காலணிகளை மட்டும் தனிக் கண்காட்சியாக வைத்தது. பாரசீகக் குதிரைவீரர்களில் தொடங்கி, மாட்டிடையர் வழியாக, 1970களின் இசைக் கலைஞர்கள்வரை அதில் இடம்பெற்றனர்.