சாட்சிக்கு வந்த பாதிரிமார்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை, மலை உச்சியில் ஜோதி தெரிவதற்குச் சற்று முன்னால், அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருகிறார். சில நிமிஷ தரிசனம்தான். உடனே உள்ளே போய்விடுகிறார். ஆணும் பெண்ணுமாய் நிற்கும் அந்தத் திருமேனிக்கு நானும் கூட்டத்தோடு கூட்டமாய்த் தலைக்குமேல் கை குவித்திருக்கிறேன். ஆனால் அதே கூட்டத்தில் நிற்கிற ஒருவன் இன்னோர் ஆணோடு கூடி வாழ்ந்தால், அவனை ஆயுள் முழுவதும் சிறையில் வைக்கலாம் என்று நெடுங்காலம் ஒரு சட்டம் இருந்தது!

1860-இல் வெள்ளைக்காரர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அது. அவர்கள் ஊர்க் கிறிஸ்தவ ஒழுக்கத்தில் வேர் விட்ட செடி. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செடியைப் பிடுங்கக் கைகொடுத்தவர்களிலும் பாதிரிமார் இருந்தார்கள். 'பாவம் வேறு, குற்றம் வேறு' என்ற வாதத்தை இங்கிலாந்துத் திருச்சபையாரே எடுத்துப் பேசினார்கள். கான்டர்பரி ஆர்ச் பிஷப் மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் சீர்திருத்தத்தை ஆதரித்தார். 1967-இல் அங்கே சட்டம் தளர்ந்தது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் ருசிகரமானது. 1964-இல் சான் பிரான்சிஸ்கோவில் சில போதகர்களும் ஒருபால் உறவினரும் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார்கள். அதற்கு நிதி திரட்ட 1965 புத்தாண்டன்று ஒரு நடன விருந்து. போலீஸார் வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் படம் பிடித்தார்கள். தடுத்த வக்கீல்களைக் கைது செய்தார்கள். மறுநாள் போதகர்கள் பத்திரிகைக்காரர்களை அழைத்து, கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அதுவரை அந்த மக்கள் சொன்னதை யார் நம்பினார்கள்? பாதிரியார் சொன்னதும் ஊர் காது கொடுத்தது. வழக்கும் நிற்கவில்லை.

திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயர் தெரியும். அந்த டென்மார்க்கில்தான் 1989-இல், உலகிலேயே முதன்முதலாக, ஒருபால் ஜோடிகளின் உறவைச் சட்டம் பதிவு செய்துகொண்டது. 2012 முதல் அங்கே தேசியத் திருச்சபையின் ஆலயத்திலேயே அவர்களுக்கு மணம் நடக்கிறது.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இந்தத் தளையை அறுத்தது. சில கிறிஸ்தவ சபைகள் கூடாதென்று வாதாடின, அதை மறைப்பானேன்? அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு சிறிய சபை, திருநங்கை ஒருவரைப் போதகராக ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டும் நம் கதைதான்.

டில்லித் தீர்ப்பு கிராமத்துத் திண்ணைக்கு வந்து சேர நாளாகும். அங்கே பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தப்போகும் தகப்பன் சட்டப் புத்தகத்தையா புரட்டிப் பார்க்கிறான்? ஊர் மதிக்கிற ஒருவர், போதகரோ குருக்களோ வாத்தியாரோ, படியேறி வந்து, "இவன் நம் பிள்ளையப்பா" என்று சொன்னால் அவன் கை தாழும்.

அர்த்தநாரீசுவரரைச் சில நிமிஷம் பார்க்கவே நாம் காத்துக் கிடக்கிறோம். தீபம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு படி ஏறுவோம்?