யோங்தங்போ: எல்லைகளும் உழைப்பும்

தென்கொரியத் தலைநகர் சியோலில், ஹான் ஆற்றின் தென்கரையில் அமைந்தது யோங்தங்போ வட்டாரம். ஆற்றைக்காட்டிலும் மூலதனமே அதன் எல்லைகளை வகுத்தது என்பது எமது கருத்தாகும். 1899 இல் இஞ்சோன் துறைமுகத்திலிருந்து வந்த புகையிரதப்பாதை இதனூடாகச் சென்றது. அதனையொட்டி யப்பானிய மூலதனமும் அதனைச் சார்ந்து வளர்ந்த கொரிய மூலதனமும் நெசவாலைகளையும் பியர் ஆலைகளையும் நிறுவின. 1936 இல் கொலனித்துவ அரசு இப்பகுதியை நகருடன் இணைத்தது. 1943 இல் தனி வட்டாரமாக்கிற்று. பின்னர் சனத்தொகை பெருக, குவானாக் (1973), காங்சோ (1977), குரோ (1980) ஆகியன இதிலிருந்து பிரிந்தன.

ஆயின், அரசாணைகள் எல்லைகளைக் குறிக்குமேயன்றி, அங்கு உழைத்தோரைக் குறிப்பதில்லை. அவ்வெற்றிடத்தை ஹ்வாங் சோக்-யோங்கின் 2020 ஆம் ஆண்டு நாவல், இவ்வட்டாரத்துப் புகையிரதத் தொழிலாளரின் தலைமுறைக் கதையால் நிரப்புகின்றது. நிர்வாக வரலாற்றையும் இலக்கியத்தையும் ஒருங்கே நோக்கும்போதே இந்நகரின் மெய்வரலாற்றை நாம் அறிதல் கூடும்.