சவோனரோலா, ஜிரோலாமோ (1452–1498)

இத்தாலிய டொமினிக்கன் துறவி. அரசுப் பதவி ஏதும் இல்லாமல், பிரசங்க மேடையில் நின்றபடியே புளோரன்ஸ் நகரை ஏறத்தாழ நான்காண்டுகள் ஆட்டிவைத்தவர்.

ஃபெராராவில் பிறந்தார். பாட்டனார் பெயர்பெற்ற மருத்துவர். பேரனோ 1475இல் வீட்டாரிடம் சொல்லாமல் பொலோனா சென்று துறவு பூண்டார். 1482இல் புளோரன்சின் சான் மார்க்கோ மடத்துக்கு வந்தபோது அவர் பிரசங்கம் எடுபடவில்லை. 1490இல் அவரை அந்நகருக்குத் திரும்ப வரவழைத்தவர் லொரென்சோ தெ மெதிச்சி. தம் குடும்ப ஆட்சியைச் சாடப்போகும் நாவை அவரே அழைத்துவந்தார் எனலாம்.

திருச்சபை தண்டனைக்குப் பிறகே திருந்தும், அந்தத் தண்டனை நெருங்கிவிட்டது என்பது சவோனரோலாவின் ஓயாத எச்சரிக்கை. 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் படையுடன் இத்தாலிக்குள் நுழைந்ததும் அது பலித்துவிட்டதாக மக்கள் நம்பினர். அவருக்குக் கோட்டைகளை விட்டுக்கொடுத்த லொரென்சோவின் மகன் பியரோ தெ மெதிச்சி துரத்தப்பட்டார். சவோனரோலாவின் தூண்டுதலால், ஏறத்தாழ 3,000 குடிமக்கள் இடம்பெறத்தக்க பெருமன்றம் உருவாயிற்று. அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது 1497 பிப்ரவரி 7இல் ஆடம்பரப் பொருள்களைக் குவித்து மூட்டிய தீதான். பெருமன்றமோ அதைவிடப் பெரிய செயல். அத்தீயில் கண்ணாடிகள், சீட்டுக்கட்டுகள், முகமூடிகள், நூல்கள் எரிந்தன. ஓவியர் போட்டிசெல்லி தம் ஓவியங்களைத் தாமே அதில் போட்டார் என்னும் கதைக்கு உறுதியான சான்றில்லை.

பிரான்சுக்கு எதிரான கூட்டணியில் புளோரன்ஸ் சேராதது போப் ஆறாம் அலெக்சாண்டரை உறுத்தியது. அவருடைய ஒழுக்கக்கேட்டைச் சவோனரோலா சாடியது அதற்கு மேல். 1497 மே மாதம் திருச்சபை விலக்கு வந்தது. ஆகஸ்டில் மெதிச்சி ஆதரவாளர் ஐவருக்கு, மேல்முறையீடு மறுக்கப்பட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மேல்முறையீட்டுச் சட்டம் வரக் காரணமானவரே சவோனரோலாதான். அப்போது வாய் திறக்கவில்லை. அரசியல் சிந்தனையாளர் மக்கியவெல்லி இதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

1498 ஏப்ரல் 7இல், சவோனரோலாவின் வாக்கைத் தீயில் சோதிக்கச் சொன்ன பிரான்சிஸ்கன் துறவிகளின் அறைகூவலை ஏற்று, அவர் தோழர் தொமெனிக்கோ தீ மிதிக்க முன்வந்தார். சிலுவையைக் கொண்டுபோகலாமா, நற்கருணையைக் கொண்டுபோகலாமா என்ற வாதத்திலேயே பகல் கழிந்தது, மழையும் பெய்தது, தீ மிதிப்பு நடக்கவேயில்லை. அற்புதம் காண வந்த கூட்டம் ஏமாந்தது. மறுநாள் குருத்தோலை ஞாயிறன்று மடம் தாக்கப்பட்டு, சவோனரோலா கைதானார். பின்கட்டாகக் கட்டிய கைகளைக் கயிற்றால் தூக்கிச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினர். மே 23இல் நகர மன்றச் சதுக்கத்தில் அவரும் இரு தோழர்களும் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டனர். அடியார்கள் எடுத்துப் பூசிக்கக் கூடாதென்று சாம்பல் ஆர்னோ ஆற்றில் கரைக்கப்பட்டது.

பெருமன்றம் 1512இல் மெதிச்சிகள் திரும்பும்வரை நீடித்தது. அதற்கென எழுப்பிய மண்டபத்தின் சுவர்களில் பின்னாளில் முதலாம் கோசிமோ தெ மெதிச்சி ஓவியர் வசாரியைக் கொண்டு புளோரன்சின் வெற்றிகளைத் தீட்டச்செய்தார்.