மின்காப்புத் தாங்கு சோதனை

முழுதாகப் பொருத்தி முடித்த ஒவ்வொரு மின்னணுக் கருவியும் ஆலையை விட்டு வெளியேறுமுன், அதன் மின்காப்பு உயர் மின்னழுத்தத்தைத் தாங்குகிறதா எனப் பார்க்கும் சோதனை. தொழிற்கூடங்களில் இதை ‘ஹைபாட்’ என்பர். ஒலி, காட்சி, கணினிக் கருவிகளுக்கான நடைமுறையை ஐஇசி 62911 தரநிலை (2016) வகுத்துள்ளது.

மின்வடத்தின் ஃபேஸ், நியூட்ரல் முனைகளை ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே அழுத்தம் செலுத்தப்படும். 230 வோல்ட்டில் இயங்கும், எர்த் உள்ள கருவிக்கு வழக்கமாக 1,500 வோல்ட் மாறுதிசை அழுத்தம். எர்த் இல்லாத இரட்டைக் காப்புக் கருவிக்கு 3,000. வடிவமைப்பு ஒப்புதலின்போது 60 விநாடி நீளும் சோதனை, உற்பத்தி வரிசையில் 1 முதல் 4 விநாடியில் முடியும். திரும்பத் திரும்பச் சோதிப்பதும் நல்லதல்ல, காப்பு நலியும்.

கருவியின் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். சிறு விஷயம்தான், ஆனால் மறந்தால் அழுத்தம் சுவிட்சைத் தாண்டாது, பழுதான கருவியும் தேறிவிடும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: இரைச்சல் வடிகட்டியின் மின்தேக்கிகள் மாறுதிசை மின்னோட்டத்தைக் கடத்துவதால் நல்ல கருவியும் தோற்றதாகக் காட்டலாம். அப்போது 1.414 மடங்கு நேர்திசை அழுத்தம் பயன்படும். சோதித்தபின் தங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றியாக வேண்டும். எர்த் தொடர்ச்சியைத் தனியே சோதிப்பர்.